பாரம் எங்கே விழுகிறது?





உடப்புசல்லாவையில் கடை வைத்திருக்கும் குடும்பமொன்றைச் சேர்ந்த சகோதரி ஒருவர் இம்முறை சற்று வித்தியாசமான கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறார். கனடாவில் குடியிருக்கும் அவருடைய தம்பி, விடுமுறைக் காலங்களில் பிள்ளைகளோடு போய்த் தங்குவதற்காகச் சக்கரம் பூட்டிய சிறிய வீடொன்றை வாங்கியிருக்கிறாராம். அதைத் தன் வாகனத்தின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்கிறார். அதன் படத்தை அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார். அக்கா கேட்கிறார்:

"வாகனத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் இரண்டு இரும்புத் தண்டுகள் இருக்கின்றன. அவற்றின் நுனியைச் சங்கிலியால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் வாகனத்தின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்று தம்பி சொல்கிறான். எங்கள் வீட்டுக்காரரும் நுவரெலியாவிலிருந்து கடைக்கு அரிசி மூட்டை ஏற்றி வரும்போது, கந்தப்பளை ஏற்றத்தில் வேனின் ஸ்டியரிங் பாரமே இல்லாமல் மிதக்கிறது என்று அடிக்கடி சொல்வார். இரண்டும் ஒன்றா, ஹஸரத்?"

இரண்டும் ஒன்றுதான் சகோதரி. உங்கள் தம்பியின் வாகனத்தில் அந்த இரும்புத் தண்டுகள் செய்யும் வேலையை உங்கள் வீட்டு வேனில் நீங்கள் கையால் செய்யலாம். எப்படி என்பதைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம். வாகன விஷயம் ஆண்கள் பாடு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று நம் பெண்களில் பலர் தாமே வாகனம் ஓட்டுகிறார்கள். ஓட்டாதவர்கள் வீட்டிலும், கல்யாணத்துக்குப் புறப்படும்போதும் வீடு மாறும்போதும் எந்தப் பையை எங்கே வைப்பது என்று நின்று சொல்பவர் பெரும்பாலும் வீட்டுத் தாய்தான். அந்தச் சொல்லில் ஒரு குடும்பத்தின் உயிர் அடங்கியிருக்கிறது.

கொழுந்துக் கூடை சொல்லும் பாடம்

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்மாரைக் கவனித்திருப்பீர்கள். கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரத்தை முதுகில் தாங்குகிறார்கள். கூடை நிறைய நிறைய அவர்களுடைய உடம்பு முன்னால் சாய்கிறது. பாரம் பாதங்களுக்கு நேர் மேலே வரவேண்டும் என்பதற்காக உடம்பு தானாகச் செய்யும் காரியம் அது. நிறைந்த கூடையோடு நிமிர்ந்து நின்றால் பாரம் பின்னால் இழுக்கும். குதிகால் நிலத்தில் அழுந்தும், கால் விரல்கள் பிடியை விடும். சரிவில் அப்படி நின்றவர் மல்லாந்து விழுவார்.

வாகனத்துக்கு அப்படி முன்னால் சாயத் தெரியாது. பின்சக்கரத்துக்கும் பின்னால் நாம் ஒரு பாரத்தை வைத்தால், பின்சக்கரம் குதிகாலைப் போல அழுந்துகிறது. முன்சக்கரம் விரல்களைப் போல மேலே எழப் பார்க்கிறது. திரும்புவது முன்சக்கரத்தால். பிரேக் போடும்போது கூடுதலான வேலையைச் செய்வதும் முன்சக்கரம்தான். அந்தச் சக்கரம் நிலத்தை இறுகப் பிடிக்காவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி தன் பாட்டில் நேராகப் போகும். உங்கள் வீட்டுக்காரர் "மிதக்கிறது" என்று சொன்னது இதைத்தான்.

கணக்காகப் பார்ப்போம். பிள்ளைகள் ஊஞ்சற் பலகையில் ஆளுக்கொரு பக்கம் இருந்து ஏறி இறங்கி விளையாடும் அதே கணக்கு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீற்றர் தூரமுள்ள ஒரு வேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்துக்கு ஒரு மீற்றர் பின்னால், பின்கதவு ஓரத்தில், 50 கிலோ மூட்டைகள் இரண்டை வைக்கிறோம். மொத்தம் 100 கிலோ. பின்சக்கரங்களில் கூடுவது 100 கிலோ என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அங்கே 140 கிலோ கூடுகிறது. மிகுதி 40 கிலோ எங்கிருந்து வந்தது? முன்சக்கரங்களிலிருந்து எடுக்கப்பட்டது. முன்பக்கம் 40 கிலோ குறைந்துபோயிற்று. அதே இரண்டு மூட்டைகளை இரண்டு சக்கரங்களுக்கும் சரி நடுவில் வைத்தால் முன்னுக்கு 50, பின்னுக்கு 50 என்று பிரிந்துவிடும். மூட்டையும் அதேதான், வேனும் அதேதான். வைத்த இடம் மட்டும் மாறியிருக்கிறது.

அந்த இரும்புத் தண்டுகளின் வேலை

இப்போது கனடாத் தம்பியின் படத்துக்கு வருவோம். சக்கரம் பூட்டிய அந்த வீட்டை அங்கே ட்ரவல் ட்ரெயிலர் என்கிறார்கள். நடுவில் இருக்கும் கருவிக்கு வெய்ட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிச் என்று பெயர். பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் கொளுவி என்று நாம் சொல்லலாம்.

அந்த வீட்டின் சக்கரங்கள் அதன் நடுப்பகுதியை ஒட்டியிருக்கும். அதன் மூக்கு, இழுக்கும் வாகனத்தின் பின்னாலுள்ள இரும்புக் குமிழின் மேல் உட்காரும். வீட்டின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு அந்த மூக்கில் இருக்கவேண்டும் என்பது வட அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 2,000 கிலோ எடையுள்ள வீட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வைத்தால் 240 கிலோ. அது வாகனத்தின் பின்சக்கரத்துக்கு 1.2 மீற்றர் பின்னால் விழுகிறது, வாகனத்தின் சக்கரங்களுக்கிடையே 3 மீற்றர் தூரம் என்று கொண்டால், பின்சக்கரங்களில் 336 கிலோ கூடும். முன்சக்கரங்களில் 96 கிலோ குறையும். மூட்டைக் கணக்கேதான், தொகைதான் பெரிது. வாகனத்தின் வால் தாழ்ந்து, முகம் நிமிர்ந்து, இரவில் அதன் விளக்கு வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இதைச் சரிசெய்யத்தான் அந்த இரண்டு தண்டுகள். வில்லைப் போல வளைந்து கொடுக்கும் உருக்கினால் செய்யப்பட்டவை. ஒரு நுனி வாகனத்தின் பின்னாலுள்ள கொளுவியில் இறுகப் பொருந்தியிருக்கும். மறு நுனியைப் பின்னால் நீட்டி, ட்ரெயிலரின் சட்டத்தோடு சங்கிலியால் மேல்நோக்கி இழுத்துக் கட்டுகிறார்கள். கட்டட வேலையில் மண் தள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கைப்பிடிகளைப் பின்னாலிருந்து தூக்கினால் பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்கிறதல்லவா? தண்டுகளும் அப்படித்தான், வாகனத்தின் வாலைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடிக்கின்றன. முன்சக்கரங்கள் இழந்த பாரம் திரும்பி வருகிறது. ஒரு பங்கு ட்ரெயிலரின் சக்கரங்களுக்கும் போகிறது. மேலே சொன்ன கணக்கில், கொளுவும் இடத்திலிருந்து ட்ரெயிலரின் சக்கரம் 5 மீற்றர் தூரத்தில் இருந்து, முன்சக்கரம் இழந்ததை முழுவதும் திருப்பிக் கொடுத்தால், பின்சக்கரங்களில் கூடியிருந்த 336 கிலோ ஏறத்தாழ 194 ஆக இறங்கும். ட்ரெயிலர் சக்கரங்கள் ஏறத்தாழ 46 கிலோவை ஏற்றுக்கொள்ளும். கூட்டிப் பாருங்கள், அதே 240தான்.

இங்கே ஒன்றைத் தம்பிக்கு நினைவூட்டுங்கள். அந்தக் கருவி பாரத்தைப் பகிர்கிறதே தவிர ஒரு கிலோவைக் கூடக் குறைப்பதில்லை. வாகனத்தைச் செய்தவர்கள் இவ்வளவுதான் இழுக்கலாம் என்று எழுதி வைத்த அளவும் அதனால் கூடாது. எவ்வளவு இறுக்கவேண்டும் என்பதும் வாகனத்துக்கு வாகனம் வேறுபடும். கைநூலில் சொன்னபடிதான் செய்யவேண்டும். அதை அவர்கள் அளக்கும் முறை எளிமையானது. சமதரையில் வாகனத்தை நிறுத்தி, நிலத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மேலேயுள்ள வளைவு வரை டேப்பால் அளக்கிறார்கள். முதலில் ட்ரெயிலரைக் கொளுவாமல் ஒருமுறை, கொளுவியபின் ஒருமுறை, தண்டுகளை இறுக்கியபின் ஒருமுறை. முன்பக்கம் எவ்வளவு எழுந்தது, எவ்வளவு திரும்ப இறங்கியது என்பது தெரிந்துவிடும். இந்த டேப் வேலையை மறந்துவிடாதீர்கள், நமக்கும் தேவைப்படும்.

மூக்கில் பாரம் இல்லாவிட்டால்?

அப்படியானால் பாரம் முழுவதையும் ட்ரெயிலரின் பின்பக்கத்துக்குத் தள்ளி, மூக்கில் ஒன்றுமே விழாமல் செய்துவிடலாமே என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். அது முன்னதைவிடப் பெரிய ஆபத்து. வால் பாரமான ட்ரெயிலர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். வேகம் கூடக் கூட ஆட்டமும் வளரும். ஒரு கட்டத்தில் வால் தலையை ஆட்டும் நிலை வந்து, இழுக்கும் வாகனத்தையே பாதையைவிட்டு எறிந்துவிடும். ஆடத் தொடங்கியதும் பயத்தில் வேகத்தைக் கூட்டுவதோ, சடுதியாக பிரேக்கை மிதிப்பதோ ஆட்டத்தை மோசமாக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, எக்ஸிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடவேண்டும். பிறகு ஓரமாக நிறுத்தி, சாமான்களை இடம் மாற்றவேண்டும். பாரம் பகிரும் தண்டுகள் இருப்பதால் மட்டும் இந்த ஆட்டம் நின்றுவிடும் என்று நம்பக்கூடாது.

ஆக, மூக்கில் மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

நம் மலையில் ட்ரக்டரும் பெட்டியும்

ட்ரவல் ட்ரெயிலர் நம் பாதைகளில் காணக்கிடைக்காத பொருள். ஆனால் ஒரு சோடிச் சக்கரத்தில் ஓடும் பெட்டியை நாம் காணாத நாளில்லை. தோட்டத்து ட்ரக்டரும் அதன் பின்னால் வரும் பெட்டியும் அதே இனம்தான்.

ஒரு காலத்தில் இந்தப் பகுதியின் பாரத்தை ரயில் சுமந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஓடிய சிறிய ரயில் பாதை 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. உடப்புசல்லாவை ரயில் பாதை என்றே அதற்குப் பெயர். தேயிலைப் பெட்டிகள் அதில் இறங்கின, உரமும் அரிசியும் அதில் ஏறின. மோட்டார் லொறிகளோடு போட்டிபோட முடியாமல் 1948இல் அது முற்றாக மூடப்பட்டது. அன்றிலிருந்து கொழுந்தானாலும் விறகானாலும் சீமெந்தானாலும் மனிதரானாலும் டயரின் மேல்தான்.

ட்ரக்டருக்குப் பெரிய பின்சக்கரம், சிறிய முன்சக்கரம். பாரமான பெட்டியை இழுத்துக்கொண்டு செங்குத்தான ஏற்றத்தில் ஏறும்போது அதன் முகம் இயல்பாகவே இலேசாகும். பெட்டியின் முன்பக்கத்தில் சீமெந்து மூட்டைகளை அடுக்கிவிட்டால் கொக்கியில் பாரம் கூடி முகம் இன்னும் எழும்பும். கொளுவும் இடம் உயரமாக இருந்தால் இது மிக ஆபத்தானது. பின்சக்கர அச்சைவிட உயரமான ஓரிடத்தில் சங்கிலியையோ பெட்டியையோ கொளுவி இழுத்தால், ட்ரக்டர் முகம் தூக்கி, சாரதியின் மேலேயே மல்லாந்து கவிழக்கூடும். அதற்காகத்தான் ட்ரக்டர் செய்பவர்கள் கொக்கியைத் தாழ்வாக வைத்திருக்கிறார்கள்.

மாறாக, பெட்டியின் பின்பலகை ஓரத்தில் பாரத்தை ஏற்றினால் அது கொக்கியை மேலே தூக்கும். ட்ரக்டரின் பின்சக்கரங்கள் பிடியை இழக்கும். ஈரமான இறக்கத்தில் அந்தச் சக்கரங்கள் வழுக்கத் தொடங்கினால், பிரேக் இல்லாத பெட்டி பின்னாலிருந்து தள்ளி, ட்ரக்டரைப் பக்கவாட்டில் மடித்துவிடும். நம் பகுதிக்கு வடகீழ்ப் பருவமழை வரும் மாதங்களில், மூடுபனியும் மழையும் சேர்ந்து பாதை எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பெட்டியில் பாரத்தின் பெரும்பகுதி சக்கரத்துக்குச் சற்றே முன்னால், தாழ்வாக, இரு பக்கமும் சமமாக இருக்கவேண்டும். அசையாமல் கட்டியிருக்கவும் வேண்டும்.

தாய்மார் கேட்கவேண்டிய விஷயம் ஒன்று இதில் உண்டு. சாமான் ஏற்றிய பெட்டியில், மூட்டைகளின் மேல் பெண்களும் பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்து போவதைப் பல தோட்டங்களில் காண்கிறோம். மூட்டையின் மேல் உட்காரும் மனிதர் அந்தப் பாரத்தின் உச்சியைக் கூட்டுகிறார். வளைவில் பெட்டி சாயும்போது எல்லோரும் ஒரே பக்கம் சரிவார்கள், பெட்டியும் கூடவே சரியும். கொக்கிக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இரும்புச் சட்டத்தில் கால் வைத்து நிற்பதும், மட்கார்டில் பிள்ளையை உட்கார வைப்பதும் அதைவிடப் பயங்கரம். அங்கிருந்து தவறி விழுபவர் விழும் இடம் பெட்டியின் சக்கரத்துக்கு முன்னால். கிளினிக்குக்குப் பிந்திவிடும், பஸ் இல்லை, மழை வருகிறது என்று காரணங்கள் இருக்கும். சக்கரத்துக்கு அந்தக் காரணங்கள் தெரியாது.

இறக்கத்தில் பாரம் வெப்பமாகிறது

ஏற்றத்தில் ஸ்டியரிங்கைத் தொடும் அதே பாரம் இறக்கத்தில் பிரேக்கைத் தொடுகிறது. இதைச் சமையலறைக் கணக்கில் சொல்கிறேன். ஆட்களோடும் சாமான்களோடும் 2,000 கிலோ எடையுள்ள ஒரு வேன், 500 மீற்றர் உயரம் இறங்கி வருகிறது. அது இறங்கும் சக்தி முழுவதையும் பிரேக்குகளே தாங்கினால், அங்கே உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ 29 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இன்னும் 500 கிலோ ஏற்றினால் 36 லீட்டருக்கும் மேல். நம் வீட்டில் அவ்வளவு தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு காஸ் போகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சூடெல்லாம் நான்கு சக்கரங்களுக்குள் உள்ள சிறிய இரும்புத் துண்டுகளில் இறங்குகிறது. சூடு அளவு மீறினால் பிரேக்கின் பிடி தளரும். பிரேக் எண்ணெயே கொதித்து ஆவியாகிவிட்டால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது.

இதைத் தவிர்க்கும் வழியைப் பழைய லொறிச் சாரதிகள் ஒரே வசனத்தில் சொல்வார்கள்: ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்கு. சிறிய கியரில் இஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறக்குவது அந்த ஓய்வைப் பறிக்கும் வேலை. இறங்கும் வழியில் கருகிய வாடை வந்தால், "ஏதோ வாடை அடிக்குது, ஓரமா நிப்பாட்டுங்க" என்று பின்சீட்டிலிருந்து சொல்லத் தயங்காதீர்கள். முகர்ந்து பார்த்துக் கருகலைக் கண்டுபிடிப்பதில் உங்களைவிடத் தேர்ந்தவர் வண்டியில் வேறு யார் இருக்கிறார்கள்?

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பஸ், வேன், முச்சக்கர வண்டி மூன்றும் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவற்றுக்குச் சாமான் பாரம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் மலைப்பாதை எவ்வளவு சிறிய பிழையையும் மன்னிப்பதில்லை என்பதற்காகவே நினைவூட்டுகிறேன்.

புறப்படும் முன் ஐந்து காரியங்கள்

பெருநாளுக்கு ஊர் போகும்போதும், கல்யாண வீட்டுக்குச் சாமான் கொண்டுபோகும்போதும் இவற்றைச் செய்துபாருங்கள்.

முதலாவது, பாரமானவை கீழேயும் நடுவிலும். அரிசி மூட்டை, தண்ணீர்ப் போத்தல் பெட்டி, அம்மி, தையல் மெஷின் போன்றவை முன்சீட்டுக்குப் பின்னால், இரு சக்கரங்களுக்கும் இடையில் வரட்டும். பின்கதவு ஓரத்துக்குத் தலையணை, துணிப்பை, பிஸ்கட் பெட்டி போதும்.

இரண்டாவது, கூரைமேல் இலேசானவை மட்டும். கூரையில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் வண்டியை வெளிப்பக்கம் சாய்க்கப் பார்க்கும். கல்யாணச் சட்டிகளையும் கட்டில் பலகைகளையும் கூரையில் ஏற்றிக்கொண்டு மலை இறங்குவது நல்லதல்ல.

மூன்றாவது, ஒன்றும் அசையக்கூடாது. காஸ் சிலிண்டரை நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். தண்ணீர்ப் பெரலை நிறைத்தே கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் வெறுமையாகக் கொண்டுபோங்கள். அரைவாசி நிறைந்த பெரலில் தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் பக்கம் மாறி அலைமோதும், நீங்கள் சமப்படுத்தி வைத்த பாரம் மாறிக்கொண்டேயிருக்கும்.

நான்காவது, டயரின் காற்று. ஜப்பானிலிருந்து வந்த வேன்களில் சாரதிக் கதவைத் திறந்தால் ஓரத்தில் சிறிய தாள் ஒட்டியிருக்கும். எழுத்து ஜப்பான் மொழியில் இருந்தாலும் எண்களை வாசிக்கலாம். 240 என்பது போன்ற எண் கிலோபஸ்கல் கணக்கு. 100 கிலோபஸ்கல் என்பது காற்றடிக்கும் கடையில் சொல்லும் பதினான்கரை இறாத்தலுக்குச் சமம். பாரம் ஏற்றும் நாளில் காற்றுக் குறைந்த டயரோடு புறப்படக்கூடாது.

ஐந்தாவது, உங்கள் தையல் பெட்டியிலுள்ள டேப். வண்டி வெறுமையாக இருக்கும்போது, நிலத்திலிருந்து நான்கு சக்கரங்களின் மேல் வளைவுகள் வரையுள்ள உயரத்தை அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏற்றியபின் மீண்டும் அளவுங்கள். முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்திருந்தால் சாமானை முன்னுக்கு நகர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். எல்லாப் பக்கமும் அதிகமாகத் தாழ்ந்திருந்தால் சாமானைக் குறைக்கவேண்டும். மிச்சத்துக்கு இன்னொரு நடை போகலாம்.

அரபுப் பாடத்தில் ஒரு சொல்

ஒட்டகத்தின் இரு பக்கமும் தொங்கவிடும் பொதிகளில் ஒரு பக்கத்துப் பொதிக்கு அரபியில் 'இத்ல்' என்று பெயர். மறுபக்கத்துப் பொதிக்குச் சமமாக இருக்கும் பாதி என்பது அதன் கருத்து. நீதிக்கு நாம் சொல்லும் 'அத்ல்' என்ற சொல்லும் அதே மூன்று எழுத்துகளில் பிறந்ததுதான். பாலைவனத்தில் பொதி ஏற்றியவனுக்கு, ஒரு பக்கம் சாய்ந்தால் முழுப் பயணமும் கெட்டுவிடும் என்பது தெரிந்திருந்தது.

மத்ரஸாவில் 'இஜாரா' என்ற வாடகைப் பாடம் வரும்போது மாணவர்கள் ஒரு சட்டத்தைப் படிப்பார்கள். ஒருவர் இவ்வளவு சுமை என்று பேசி ஒரு பிராணியை வாடகைக்கு எடுக்கிறார். பேசியதைவிடக் கூடுதலாக ஏற்றுகிறார். அதனால் பிராணி செத்துப்போனால் ஏற்றியவர் நட்டஈட்டுக்குப் பொறுப்பாளி. முழுவதையும் கொடுப்பதா, கூடுதலுக்குரிய பங்கைக் கொடுப்பதா என்பதில் இமாம்களிடையே விளக்கங்கள் உண்டு. பொறுப்பு உண்டு என்பதுதான் நமக்கு வேண்டியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாடகை வேன் வாசலில் வந்து நின்றதும் நம் வீடுகளில் நடப்பதை நீங்களே அறிவீர்கள். பேசியது எட்டுப் பேர். ஏறுவது பன்னிரண்டு பேர். "சின்னப் பிள்ளைகள்தானே, மடியில வச்சிக்கொள்றோம்" என்போம். "இன்னும் ஒரு மூட்டைதானே தம்பி, மேல போடுங்க" என்போம். சாரதித் தம்பிக்கு அன்றைய கூலி தேவை. அவர் முகத்தைச் சுளிப்பார், ஆனால் மறுக்கமாட்டார். அந்த மூட்டையை ஏற்றச் சொன்னவர் நாம். பின்னால் ஏதும் நடந்தால் சாரதியின் தலையில் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியுமா?

உடப்புசல்லாவைச் சகோதரிக்கு என் பதில் இதுதான். அடுத்த முறை கடைக்குச் சாமான் வரும்போது அரிசி மூட்டைகளை முன்சீட்டின் பின்புறமாக அடுக்கச் சொல்லுங்கள். சோப்பும் பிஸ்கட்டும் பின்னால் போகட்டும். ஏற்றும் முன்னும் பின்னும் டேப்பால் அளந்து பாருங்கள். கந்தப்பளை ஏற்றத்தில் ஸ்டியரிங் எப்படியிருந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எனக்கும் எழுதுங்கள். தம்பிக்கு எழுதும்போது, தண்டுகள் இருக்கின்றன என்ற தைரியத்தில் வீட்டுக்குள் அளவு மீறி அடுக்கவேண்டாம் என்று மூத்தவர் என்ற உரிமையோடு சொல்லிவையுங்கள்.

மற்றச் சகோதரிகளும் வண்டியில் ஏறுமுன் ஒருமுறை கீழே நின்று அதன் முகத்தையும் வாலையும் பாருங்கள். வால் தாழ்ந்திருந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். பயணத்துக்குரிய துஆவை ஓதிப் புறப்படும் நாம், அதற்கு முன் செய்யவேண்டியதையும் செய்துவிட்டுப் புறப்படுவோம். வல்ல அல்லாஹ் நம் எல்லோருடைய பயணங்களையும் பாதுகாப்பாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.